பிடித்த எழுத்தாளரும் படிக்கிற பழக்கமும்: வேலூர்ப் பக்கத்து வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலை, வீடு, பிள்ளைகள் என்று ஓடுகிற ஓட்டத்துக்கு நடுவே ஆசைக்குப் படிக்கிறவர்களுக்கான பக்கம் இது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று இன்றைக்கு நான்கு மாவட்டமாகப் பிரிந்து கிடக்கும் பழைய வட ஆர்க்காட்டை மனதில் வைத்து எழுதியது. தேர்வுக்கோ ஆய்வுக்கோ படிப்பவர்களுக்கு இதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

எனக்குப் பிடித்த எழுத்தாளர் யார் என்றே தெரியவில்லை. எல்லாரையும் கொஞ்சம் தொட்டுப் பார்த்து விட்டுவிட்டேன். என்ன செய்வது?

எந்தப் புத்தகத்தில் தொடங்கினீர்கள் என்று முதலில் பாருங்கள். ஒவ்வொரு எழுத்தாளருக்கும் நுழைய ஒரு வாசல் இருக்கிறது. பேர் பெற்ற பெரிய புத்தகம் அநேகமாக அந்த வாசலாக இருக்காது. அதை எடுத்து நாற்பதாம் பக்கத்தில் மூச்சுத் திணறி, “இவர் எனக்கு ஒத்துவரமாட்டார்” என்று முடிவு கட்டியவர்கள்தான் அதிகம்.

தி. ஜானகிராமனை “மோகமுள்”ளில் தொடங்க வேண்டாம். நல்ல நாவல்தான், ஆனால் தடிமன். சங்கீதப் பேச்சும் நிறைய. “அம்மா வந்தாள்” பாதி அளவுகூட இருக்காது, இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். அது பிடித்தால் மற்றது தானாக நடக்கும். சுந்தர ராமசாமிக்கு “ஒரு புளியமரத்தின் கதை” முதலில், “ஜே.ஜே: சில குறிப்புகள்” அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். ஜெயமோகனை “விஷ்ணுபுரத்தில்” தொடங்கித் திரும்பி ஓடியவர்கள் பலர். “அறம்” தொகுப்பில் ஒரு கதை படித்தால் அவர் உங்களுக்கு ஆகுமா ஆகாதா என்று அரை மணியில் தெரிந்துவிடும்.

புதுமைப்பித்தனுக்கு வாசல் “கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்”. கடவுள் சென்னைக்கு வந்து காபி குடிக்கிற கதை. சிரித்துக்கொண்டே உள்ளே போய்விடலாம். “கயிற்றரவு” மாதிரி கதையை முதலில் எடுத்தால் இரண்டு பக்கம் தாண்டாது.

ஜெயகாந்தனில் படிக்கும் வரிசை முக்கியம். “அக்கினிப் பிரவேசம்” என்ற சிறுகதையைப் படித்த பிறகுதான் “சில நேரங்களில் சில மனிதர்கள்” நாவலை எடுக்க வேண்டும். மழையில் நனைந்து வந்த மகளுக்காக அந்தக் கதையில் ஓர் அம்மா ஒரு முடிவு எடுக்கிறாள். அவள் அப்படி எடுக்காமல் போயிருந்தால் என்னவாகும் என்ற கேள்வியில்தான் நாவல் கிளம்புகிறது. கதையைப் படிக்காமலும் நாவல் புரியும். ஆனால் அதன் சூடு பாதிதான் உறைக்கும்.

அசோகமித்திரனை நம் ஊர்க்காரர்களுக்கு அறிமுகப்படுத்துவது சுலபம். “தண்ணீர்” என்று சின்ன நாவல். சென்னையில் குடிதண்ணீருக்கு அலைகிற ஒரு தெருவின் கதை. நடுராத்திரி அடிபம்பும் குடங்களின் வரிசையும் பாலாற்றங்கரைக்காரர்களுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

பிடித்தவர் யார் என்று கேட்டால் கல்கி, சுஜாதா, ராஜேஷ்குமார், ரமணிசந்திரன் என்றுதான் சொல்ல வருகிறது. அதற்கு மேலே “முன்னேற” வேண்டுமா?

வேண்டியதில்லை. இலக்கியத்துக்கு மேல்படி, கீழ்ப்படி என்று ஏணி போடுகிறவர்கள் தினமும் எத்தனை பக்கம் படிக்கிறார்கள் என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் ஒரே சுவை அலுத்துப்போய் வேறு கேட்கிறீர்கள் என்றால், அவர்களிடம் உங்களுக்கு எது பிடிக்கிறது என்று பிரித்துப் பார்த்துவிட்டு நகருங்கள். ராஜேஷ்குமாரின் வேகம் பிடித்தால் அடுத்து சுஜாதா. சுஜாதாவின் குட்டி வாக்கியம் பிடித்தால் அசோகமித்திரன். அவரும் சின்ன வாக்கியக்காரர், கத்தமாட்டார். ரமணிசந்திரனில் வீட்டுக்குள் நடக்கும் மனஸ்தாபங்கள் பிடித்தால் ஆர். சூடாமணி சிறுகதைகள், பிறகு அம்பை. கல்கியில் பழங்காலம் பிடித்தால் சாண்டில்யன் பக்கம் போகலாம். கல்கியில் கிண்டல் பிடித்தது என்றால் சாண்டில்யனிடம் ஏமாற்றமாக இருக்கும், கல்கியின் கட்டுரைகளைத் தேடுங்கள். இந்தப் பிரிப்பைச் செய்யாமல் “கல்கி பிடிக்கும் என்றால் இதுவும் பிடிக்கும்” என்று யாராவது நீட்டுகிற புத்தகத்தை வாங்குவதில்தான் காசு வீணாகிறது.

“பொன்னியின் செல்வன்” மூன்று தடவை தொடங்கி மூன்று தடவையும் நின்றுபோனது. காரணம் என்ன?

பெயர்கள். முதல் பாகத்தில் நூறு பக்கத்துக்குள் யார் யாருக்கு என்ன உறவு என்று குழம்பிவிட்டால் சதியும் புரியாது, விறுவிறுப்பும் இருக்காது. ஒரு அரைத் தாள் எடுத்து, தொடங்குமுன் இதை எழுதி அட்டைக்குள் வையுங்கள்:

முதலாம் பராந்தகனுக்குப் பிள்ளைகள்: இராஜாதித்தர், கண்டராதித்தர், அரிஞ்சயர். மூத்தவர் இராஜாதித்தர் தக்கோலப் போரில் இறந்தார். கண்டராதித்தர்–செம்பியன் மாதேவி மகன் மதுராந்தகன். அரிஞ்சயர் மகன் சுந்தர சோழர்; அவருக்கு ஆதித்த கரிகாலன், குந்தவை, அருள்மொழி என்று மூன்று பேர். பழுவேட்டரையர் இருவர்: பெரியவர் கஜானாவுக்கு, சின்னவர் தஞ்சைக் கோட்டைக் காவலுக்கு.

இவ்வளவுதான். அடுத்த ராஜா கண்டராதித்தர் கிளையா, அரிஞ்சயர் கிளையா என்பதுதான் கதையின் முடிச்சு.

இந்தத் தாளில் இருக்கிற பாதிப் பேர் நம் பக்கத்தில் கிடக்கிறார்கள். இராஜாதித்தர் யானைமேல் இறந்த தக்கோலம், அரக்கோணத்துக்குப் பக்கம். போர் நடந்தது 949-ல். அரிஞ்சயருக்குப் பேரன் ராஜராஜன் எழுப்பிய பள்ளிப்படைக் கோயில் (இறந்த அரசரின் நினைவாகக் கட்டுவது) பொன்னையாற்றங்கரையில் மேல்பாடியில் இருக்கிறது. வந்தியத்தேவன் வாணர் குலத்தவன், வல்லத்துக்காரன் என்கிறது நாவல். காட்பாடிக்கும் வாலாஜா ரோட்டுக்கும் நடுவில் இருக்கும் திருவலம்தான் வாணர்களின் பழைய ஊர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மேல்பாடிக்குப் போய்வந்து படித்தால் அரிஞ்சயர் வெறும் பெயராக நிற்கமாட்டார்.

இரண்டாவது காரணம் அளவு. ஐந்து பாகத்திலும் சேர்த்து 293 அத்தியாயம். 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர் அது. அத்தியாயம் தோறும் கடைசி வரியில் கொக்கி போட்டு நிறுத்துவார் கல்கி, வாசகர் அடுத்த இதழுக்குக் காத்திருக்க வேண்டும் என்பதற்காக. ஆகவே அத்தியாய முடிவில் புத்தகத்தை மூடலாம் என்று நினைத்தால் ராத்திரி ஒரு மணி ஆகும். மறுநாள் கண் எரியும். நான்காம் நாள் புத்தகத்தைத் தொடவே பயம் வரும். அத்தியாயத்தின் நடுவில் நிறுத்துங்கள். நாளுக்கு இரண்டு அத்தியாயம் என்றால் ஐந்தே மாதம்.

வாங்கும்போது ஒரு சோதனை: சுருக்கப் பதிப்புகள் நிறைய வந்துவிட்டன, அட்டையைப் பார்த்தால் தெரியாது. பாகத்துக்குப் பாகம் கடைசி அத்தியாய எண் 57, 53, 46, 46, 91 என்று இருக்க வேண்டும். குறைந்தால் வெட்டியிருக்கிறார்கள்.

வட ஆர்க்காட்டைப் பற்றி, இங்கே பிறந்தவர்கள் எழுதியது என்ன இருக்கிறது?

முதல் பெயர் மு. வரதராசன். 1912-ல் வட ஆர்க்காட்டில் பிறந்தவர், வாலாஜாபேட்டைக்குப் பக்கத்து வேலம் கிராமத்தில் வளர்ந்தவர். திருப்பத்தூரில் தமிழாசிரியராக வேலை பார்த்தவர். 1961-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற “அகல் விளக்கு” வாலாஜாவில்தான் தொடங்குகிறது. ஒருவன் அழகு, அறிவு எல்லாம் உள்ளவன், இன்னொருவன் சாதாரணமானவன், எந்த விளக்கு நின்று எரிகிறது என்பது கதை. நடுநடுவே மு.வ. பாத்திரங்களை ஒதுக்கிவிட்டு அறிவுரை சொல்லத் தொடங்குவார். இன்றைய வாசகருக்கு அந்த இடம் இழுவையாக இருக்கும். அங்கே வேகமாகப் பக்கம் புரட்டினால் குற்றமில்லை. நாவலே வேண்டாம் என்பவர்கள் “தம்பிக்கு”, “தங்கைக்கு” என்ற கடித நூல்களை எடுக்கலாம். மெல்லிய புத்தகங்கள், ஒரே உட்காரலில் முடியும்.

இன்றைக்கு எழுதுகிறவர்களில் பேரணாம்பட்டுப் பக்கத்து அழகிய பெரியவன். நிலம் கைவிட்டுப் போன தலித் குடும்பங்களின் வாழ்க்கையை “தகப்பன் கொடி”யில் படிக்கலாம். அவரைச் சிறுகதைகளில் தொடங்குவது நல்லது. கவிதை பிடிக்கும் என்றால் கவிக்கோ அப்துல் ரகுமான். பிறந்தது மதுரை என்றாலும் வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரியில் பல்லாண்டு தமிழ் நடத்தியவர். “ஆலாபனை”க்கு 1999-ல் அகாதெமி விருது. அவருடைய கவிதைகளை நாளுக்கு இரண்டுக்கு மேல் படிக்காதீர்கள், உருவகம் உருவகத்தோடு மோதிக்கொள்ளும்.

“தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்” என்று நம் ஊரைச் சொல்லும் வழக்கில் “எழுத்தாளர் இல்லாத ஊர்” என்று யாரும் சேர்க்கவில்லை. (கோயிலுக்கும் 1981-ல் சாமி வந்துவிட்டது.)

வட்டார வழக்கில் இருக்கும் நாவல் புரியவில்லை. கரிசல், கொங்கு, நாஞ்சில் எல்லாமே தடுக்குகிறது.

முதல் இருபது பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். சிக்கல் பெரும்பாலும் சொல்லில் இல்லை, எழுத்துக்கூட்டலில் இருக்கிறது. “வந்துகினு கீறான்” என்று அச்சில் பார்த்தால் தஞ்சாவூர்க்காரர் விழிப்பார். காதில் கேட்டால் சிரித்துக்கொண்டே புரிந்துகொள்வார். அவருடைய ஊர்ப் பேச்சு நமக்கும் அப்படித்தான். கண் தயங்குகிற இடத்தில் காது பிடித்துக்கொள்ளும். இருபது பக்கத்துக்குப் பிறகு மனதுக்குள் படித்தாலே அந்தக் குரல் கேட்கும்.

புரியாத சொல்லுக்கெல்லாம் நிற்காதீர்கள். ஒரு பக்கத்தில் மூன்று நான்கு சொல் தெரியாவிட்டாலும் கதை நகரும். அதே சொல் ஐந்தாவது முறை வரும்போது அர்த்தம் தானாகப் படிந்திருக்கும். கரிசல் சொற்களுக்கு கி. ராஜநாராயணனே ஓர் அகராதி தொகுத்திருக்கிறார். ஆனால் “கோபல்ல கிராமம்” படிக்க அது வேண்டாம், கதை கேட்கிற சுகத்தில் போய்விடும்.

நமக்குக் கிட்டத்துப் பேச்சில் தொடங்க வேண்டும் என்றால் இமையம். தென்னார்க்காட்டுப் பேச்சு. “பெத்தவன்” நெடுங்கதையை ஒரு மாலையில் முடிக்கலாம். அன்றிரவு தூக்கம் வருமா என்பது வேறு விஷயம்.

நாளுக்கு எவ்வளவு படிக்க வேண்டும்?

முதலில் உங்கள் வேகத்தை அளந்துகொள்ளுங்கள். கையில் இருக்கும் புத்தகத்தில் பத்துப் பக்கம், கடிகாரம் பார்த்து. வழக்கமான டெம்மி அளவுப் புத்தகத்தில் இருபது நிமிஷம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் தினம் இருபது நிமிஷம், மாசம் 300 பக்கம், அதாவது மாசத்துக்கு ஒரு நாவல். வருஷம் பன்னிரண்டு. பொழுதுபோக்காகப் படிப்பவருக்கு இது தாராளம்.

நேரத்தை எதோடாவது கட்டிப்போட வேண்டும். “நேரம் கிடைக்கும்போது” என்றால் கிடைக்காது. காலையில் பால் காய்ச்சிக் காபி போட்ட பிறகு, அல்லது பிள்ளைகளை டியூஷனில் விட்டுவிட்டு வெளியே காத்திருக்கும்போது என்று ஏற்கெனவே நடக்கிற ஒரு வேலைக்குப் பின்னால் ஒட்டவையுங்கள். செல்போனை அடுத்த அறையில் சார்ஜில் போட வேண்டும். பக்கத்தில் கவிழ்த்து வைப்பது போதாது. ஏப்ரல், மே வெயிலில் மத்தியானம் படிக்க உட்காராதீர்கள், வேலூர் வெயில் அது தூங்கத்தான் விடும். அந்த இரண்டு மாசம் விடிகாலை ஐந்தரைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

படுக்கையில் படிப்பது பழக்கம் என்கிறீர்களா? நல்லது. ஆனால் மூன்று பக்கத்தில் கண் சொருகுகிறது என்றால் அது தூக்கத்துக்கான ஏற்பாடு, படிப்புக் கணக்கில் சேராது. 800 பக்க மொத்தத் தொகுப்பைப் படுத்துக்கொண்டு பிடித்தால் மணிக்கட்டு போய்விடும் என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

ரயிலில், பஸ்ஸில் எதைப் படிக்கலாம்?

காட்பாடியிலிருந்து சென்னைக்குச் சுமார் 130 கிலோமீட்டர், எக்ஸ்பிரஸில் இரண்டு மணி நேரம். உட்கார இடம் கிடைத்தால் ஐம்பது பக்கம் தாராளமாக ஓடும். ஏலகிரி எக்ஸ்பிரஸில் தினம் போய்வருகிறவர்கள் வாரத்துக்கு ஒரு நாவல் முடித்துவிடலாம். நின்றுகொண்டு போகிற நாளில் ஒரு கையில் பிடிக்கிற அளவு குறுநாவல்தான் சரி. ஆக, எப்போதும் இரண்டு புத்தகம் ஓடட்டும்: தடிமனானது வீட்டில், மெல்லியது பையில்.

பஸ் வேறு கதை. பக்கம் அசையாமல் நிற்கிறது என்று கண் சொல்லும். உடம்பு குலுங்குகிறது என்று உள்காது சொல்லும். இரண்டும் ஒத்துப்போகாததால்தான் குமட்டுகிறது. காட்பாடி–பாகாயம் டவுன் பஸ்ஸில் படிக்க முயல வேண்டாம். காதில் கதை கேளுங்கள்.

கதை கேட்பது படித்த கணக்கில் வருமா?

புத்தகத்தை வரிக்கு வரி வாசிக்கிற ஒலிநூல் என்றால் வரும். கதைசொல்லல் வேறு. திருவண்ணாமலை பவா செல்லதுரை சொல்வதைக் கேட்டவர்களுக்குத் தெரியும்: அவர் கதையைத் தன் வழியில் திரும்பச் சொல்கிறார். எழுத்தாளரின் வாக்கியம் அதில் இருக்காது. கேட்டு முடித்த வாரத்திலேயே அந்தக் கதையைப் படித்துவிடுங்கள். சொன்னவர் எதை விட்டார், எதைச் சேர்த்தார் என்று பார்ப்பது தனி ருசி.

ஆஸ்பத்திரியில் நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. மனசு புத்தகத்தில் நிற்கவில்லை.

வேலூருக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இந்தக் கேள்வி இருக்கும். அங்கே புதுப் புத்தகம் எடுத்துப் போகாதீர்கள். ஏற்கெனவே படித்துப் பிடித்ததை எடுத்துப் போங்கள். முடிவு தெரிந்ததால் எந்தப் பக்கத்திலும் திறக்கலாம், எந்த வரியிலும் மூடலாம். டோக்கன் எண் கூப்பிட்டால் காதில் விழும். எட்டுப் பத்துப் பக்கச் சிறுகதைகளும் சரி. துப்பறியும் நாவல் கூடாது: ஆழ்ந்துபோய் எண்ணைத் தவறவிட்டு மறுபடி வரிசையில் நிற்க வேண்டிவரும். நோய், சாவு வருகிற கதைகளை வீட்டிலேயே சரிபார்த்து ஒதுக்கிவிடுங்கள்.

நூலகத்தில் உறுப்பினராவது எப்படி? அங்கே நல்ல புத்தகத்தை எப்படித் தேடுவது?

முகவரிச் சான்று, ஒரு சின்னக் காப்புத்தொகை, ஆண்டுச் சந்தா, அவ்வளவுதான். இரண்டு புத்தகத்துக்குக் கட்டுங்கள், ஒன்று போதாது. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார்த்தால் நூலக வரி என்று தனியாக ஒரு வரி இருக்கும். 1948-ல் சென்னை மாகாணம் போட்ட பொது நூலகச் சட்டத்தால் வந்தது அது. அதாவது காசு ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள், புத்தகம் எடுப்பதுதான் பாக்கி. வெள்ளிக்கிழமை விடுமுறை, தெரியாமல் போய்ப் பூட்டைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

தேடுவதற்கு மூன்று வழி. ஒன்று, அலமாரிக்குப் போகுமுன் திரும்பி வந்த புத்தகங்கள் கிடக்கும் மேசையைப் பாருங்கள். ஊரில் உண்மையாகவே படிக்கப்படுபவை அங்கேதான் இருக்கும். இரண்டு, கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டு. சமீபத்து முத்திரைகள் நெருக்கமாக விழுந்திருந்தால் கைமாறிக்கொண்டே இருக்கிற புத்தகம். பத்து வருஷமாக முத்திரையே இல்லாத புத்தகமும் மோசம் என்று அர்த்தமில்லை. கீழ்த்தட்டில் மறைந்து கிடந்திருக்கலாம். குனிந்து பாருங்கள்.

மூன்றாவது பெயர்ச் சிக்கல். கி.ரா. “ராஜநாராயணன்” என்று ‘ரா’வில் இருக்கலாம், “இராஜநாராயணன்” என்று ‘இ’யில் இருக்கலாம். மு.வ. ‘வ’வில் இருப்பார். ஜெயகாந்தனைச் “செயகாந்தன்” என்று எழுதிவைத்த பதிவேடும் உண்டு. கணினியில் தேடினாலும் ஒரு எழுத்துக்கூட்டலில் வராவிட்டால் “இல்லை” என்று திரும்பாமல் மற்றதையும் தட்டிப் பாருங்கள்.

இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதைப் படிக்கலாமா?

உரிமை முடிந்தவை, நாட்டுடைமை ஆனவை (அரசு உரிமையை வாங்கிப் பொதுவாக்கியவை) இரண்டையும் தாராளமாக. நம் நாட்டுச் சட்டப்படி எழுத்தாளர் இறந்த அடுத்த வருஷத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு கழிந்தால் உரிமை முடிகிறது. புதுமைப்பித்தன் 1948-லும் கல்கி 1954-லும் காலமானவர்கள். இருவர் எழுத்தும் பொதுச்சொத்து. 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பிலும் தமிழ் இணையக் கல்விக்கழக நூலகத்திலும் ஏராளமாக இருக்கிறது.

செல்போனில் படிக்கும்போது பிடிஎஃப்பைவிட இபப் (EPUB) கோப்பு மேல். பிடிஎஃப், குறிப்பாக ஸ்கேன் செய்தது, எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடும். ஒவ்வொரு வரிக்கும் விரலால் இழுக்க வேண்டும், பத்துப் பக்கத்தில் எரிச்சல் வரும். இபப்பில் வரி தானாக மடிந்து நிற்கும். வரிக்கு ஐந்தாறு சொல் வருகிற அளவுக்குப் பெரிதாக்குங்கள். வாட்ஸ்அப் குழுவில் சுற்றுகிற, இன்று எழுதிக்கொண்டிருப்பவர்களின் பிடிஎஃப்புகளை வாங்காதீர்கள். தமிழில் எழுதிக் கிடைக்கிற காசே கொஞ்சம்.

எத்தனை பக்கம் பார்த்துவிட்டு ஒரு புத்தகத்தைக் கைவிடலாம்?

ஐம்பது. 500 பக்கத்துக்கு மேல் என்றால் பத்தில் ஒரு பங்கு. சிறுகதைத் தொகுப்பில் இந்தக் கணக்கே வேண்டாம், பிடிக்காததைத் தாண்டுங்கள்.

கைவிடுமுன் காரணம் மட்டும் பாருங்கள். பெயர் குழப்பமா, தாள் எடுத்து எழுதுங்கள். வழக்கா, வாய்விட்டுப் படியுங்கள். மொழிபெயர்ப்பு நாவல் என்றால் சந்தேகம் மொழிபெயர்ப்பாளர் மேலேயும் இருக்கட்டும். வேறு ஒருவர் பெயர்த்தது கிடைத்தால் ஒரே பக்கத்தை இரண்டிலும் ஒப்பிடுங்கள். மராத்தி நாவலாசிரியர் காண்டேகர் தமிழ்நாட்டில் அந்தப் போடு போட்டதற்குக் கா.ஸ்ரீ.ஸ்ரீ.யின் தமிழும் காரணம். மலையாள எழுத்தாளர் பஷீரைக் குளச்சல் மு. யூசுப் மொழிபெயர்ப்பில் எடுத்தால் அந்நியமாகவே இருக்காது. இதெல்லாம் இல்லை, வெறுமனே அலுப்பாக இருக்கிறது என்றால் அந்த நிமிஷமே மூடிவிடலாம்.

இன்னொன்று: முன்னுரை, அணிந்துரை எல்லாவற்றையும் கடைசியில் படியுங்கள். நம் அணிந்துரைக்காரர்களுக்குக் கதையின் முடிவைச் சொல்லாமல் பாராட்டத் தெரியாது.

படித்ததெல்லாம் மறந்துபோகிறது.

நாற்பது பக்க நோட்டு ஒன்று. புத்தகத்துக்கு நான்கு வரி: முடித்த தேதி; யார் எழுதியது; எங்கே கிடைத்தது; மனதில் நின்ற ஒரு காட்சி, அதன் பக்க எண். கதைச்சுருக்கம் எழுதாதீர்கள். மூன்றாவது புத்தகத்திலேயே அலுத்து நோட்டு பரணுக்குப் போய்விடும். காட்சி ஒன்று போதும், அதைப் படித்தால் மிச்சம் நினைவுக்கு வரும். நூலகப் புத்தகத்தில் கோடு போடாமல் துண்டுச் சீட்டில் பக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

புத்தகக் காட்சியில் எப்படி வாங்குவது?

வழக்கமான தள்ளுபடி பத்து சதவீதம்தான், அதற்காக ஆசைப்பட்டு அள்ளாதீர்கள். ஐந்து பெயர் எழுதிய சீட்டோடு போங்கள். ஆறாவதாக ஒன்று கண்ணில் பட்டதும் வாங்கலாம், ஏழாவது வேண்டாம். புது எழுத்தாளர் என்றால் மொத்தத் தொகுப்பு வாங்காமல் 150 பக்கத் தேர்ந்தெடுத்த கதைகளை வாங்குங்கள். நடுப்பக்கத்தை விரித்து, முதுகில் பசை மட்டுமா தையலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

பசை போட்ட புத்தகம் பக்கம் பக்கமாகக் கழன்று வருகிறது. ஒட்டலாமா?

ஒட்டலாம். வேலூரின் வறண்ட சூட்டில் முதுகுப் பசை காய்ந்து வெடிப்பதுதான் காரணம். வெயிலில் நிறுத்திய வண்டியின் டிக்கியில் புத்தகத்தை வைத்தால் ஒரே கோடையில் கழன்றுவிடும். செல்லோடேப் ஒட்டாதீர்கள். ஒன்றிரண்டு வருஷத்தில் மஞ்சளாகி, பசை கசிந்து எதிர்ப்பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும்.

கழன்ற தாளின் உள் ஓரத்தில் ஒட்டியிருக்கும் பழைய பசைத் துணுக்கை நகத்தால் சுரண்டி எடுங்கள். ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையை ஒரு பழைய அட்டையில் சொட்டவிட்டு, தீக்குச்சியால் அந்த ஓரத்தில் இரண்டு மில்லிமீட்டர் அகலத்துக்கு மட்டும் தடவுங்கள். அதிகமானால் அடுத்த பக்கமும் சேர்ந்து ஒட்டும். தாளை முதுகுவரை தள்ளி, மேல்விளிம்பு மற்ற பக்கங்களோடு சமமாக இருக்கிறதா என்று மேசையில் தட்டிப் பாருங்கள். இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் தாளோ மெழுகுத்தாளோ செருகி, மூடி, அம்மிக்குழவியோ தடித்த அகராதியோ ஏற்றி ராத்திரி முழுக்க விடுங்கள். பத்துத் தாளுக்கு மேல் கழன்றிருந்தால் பைண்டரிடம் கொடுத்துத் தையல் போடச் சொல்வதே மலிவு.

அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் இரண்டு விரற்கடை தள்ளி வையுங்கள், கரையான் சுவர் வழியாகத்தான் ஏறும். புத்தகங்களுக்கு நடுவே வசம்புத் துண்டு போடலாம். அதைவிட, மூன்று மாசத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் எடுத்துத் தட்டி அடுக்குவது பலன் தரும். அசையாத புத்தகத்தில்தான் பூச்சி குடியேறுகிறது.

இரவல் கொடுத்த புத்தகம் திரும்பி வருவதில்லை.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெயர், தேதி இரண்டையும் வாங்குகிறவர் கண்முன்னே எழுதுங்கள். ஒரு மாசம் கழித்து “முடித்துவிட்டீர்களா, எப்படி இருந்தது?” என்று கேளுங்கள், “புத்தகத்தைக் கொடுங்கள்” என்று கேட்பதைவிட இதற்குச் சீக்கிரம் திரும்பி வரும். நீங்கள் மற்றவர்களிடமிருந்து வாங்கி வைத்திருப்பதையும் அதே பக்கத்தில் எழுதிவையுங்கள். அந்தப் பட்டியல்தான் பெரும்பாலும் நீளமாக இருக்கும்.